கறுப்பில் அவன் ஆடிய ஆட்டங்கள்

செஸ் டேட்டாபேஸின் தேடல் கட்டத்தில் கிருபாகரன் என்று அடிக்கிறேன். அடிக்கிறேன் என்ற சொல்லுக்கு இத்தனை காலமும் அவன்தான் எழுவாய், இன்று நான். கறுப்புக் காய்கள் என்ற இடத்தில் ஒரு டிக், தொடக்கம் சிசிலியன் டிராகன், தேடு. மடிக்கணினிக்குள் விசிறி உறுமுகிறது, தொடை சுடுகிறது, லாட்ஜ் தலையணையை எடுத்து அடியில் வைத்துக்கொள்கிறேன். அவன் ஆட்டங்கள் திரையில் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே இருக்கின்றன, ஊர், வருடம், எதிராளி, முடிவு. மதியம் மூன்று மணிக்கு ஐந்தாவது சுற்று. போட்டி நடக்கிற கல்யாண மண்டபத்தின் வாசலில் காலையில் ஒட்டியிருந்த தாளில் என் பெயர், நடுவில் ஒரு கோடு, அந்தப் பக்கம் அவன் பெயர். சுகிர்தா, கிருபாகரன். எனக்கு வெள்ளை. எங்கள் பெயர்கள் கடைசியாக இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது குடும்ப நீதிமன்றத்தின் பலகையில், அதற்கு முன்னால் கல்யாணப் பத்திரிகையில். தாளைப் பார்த்தவுடன் இடது காதுக்குள் இரைச்சல் கிளம்பிவிட்டது, இன்னும் அடங்கவில்லை. அடுத்த கட்டிலில் நஸ்ரின் தன் முக்காட்டுத் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். நான்கு வருடமாகப் போட்டிகளுக்குப் போனால் நாங்கள் இருவரும் ஒரே அறைதான், அவளுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். "உடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுத்திடுங்கக்கா. ஒரு பாயிண்ட்டுதானே போகும்" என்கிறாள். ஒரு பாயிண்ட் இல்லை நஸ்ரின் என்று வாய் வரைக்கும் வருகிறது, பிறகு என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "கையாவது குடுக்காதீங்க. நான் எந்த ஆம்பளைக்கும் குடுக்கிறதில்ல, நெஞ்சுல கை வச்சிடுவேன், யாரும் ஒண்ணும் சொல்றதில்ல." சரி என்று தலையாட்டுகிறேன். கை. அந்தக் கை. சுண்டுவிரலில் வெள்ளி மோதிரம் போட்டிருப்பான், அதன் விளிம்பு கன்னத்தில் எங்கே படும் என்று எனக்குத் தெரியும், கண்ணுக்குக் கீழே எலும்பு ஆரம்பிக்கிற இடம்.

முதல் ஆட்டத்தைத் திறக்கிறேன். டிராகன் ஆடுகிறவர்கள் வெட்டிக்கொள்ள வந்தவர்கள். வெள்ளை ராஜா இந்தப் பக்கம் ஒளிந்துகொள்ளும், கறுப்பு ராஜா அந்தப் பக்கம், பிறகு யார் யார் வீட்டை முதலில் உடைப்பது என்பதுதான் ஆட்டம். வெள்ளைக்கு ஓரத்துச் சிப்பாய் இருக்கிறது, அது ஓடிப்போய்த் தலையை முட்டிக் கதவைத் திறக்கும். கறுப்புக்கு ஒரு அடி இருக்கிறது, சி-மூன்றாம் கட்டத்தில். அங்கே வெள்ளைக் குதிரை நிற்கும், கறுப்பு தன் யானையையே கொடுத்து அந்தக் குதிரையைப் பிடுங்கும். கணக்குப் பார்த்தால் நஷ்டம், ஆனால் ராஜாவின் முன்சுவர் இடிந்துவிடும். அவனுடைய பயிற்சி வகுப்பில் சொல்வான், "சுவரை முதல்ல இடிங்கடா, அப்புறம் உள்ள இருக்கிறவளை என்ன வேணாலும் பண்ணலாம்." பையன்கள் சிரிப்பார்கள். நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், சிரித்தேனா என்று ஞாபகமில்லை. அப்போது அவன் எனக்கு சார், கல்யாணத்துக்குப் பிறகும் சார்தான், அடி விழும்போதுகூட சார் வேணாம் சார் என்றுதான் வாயில் வந்தது. கறுப்பு யானை சி-மூன்றில் என்று அடுத்த வடிகட்டியைப் போடுகிறேன். பட்டியல் கொஞ்சமும் சுருங்கவில்லை. எல்லா ஆட்டத்திலும் இடித்திருக்கிறான். பலன் இருக்கிற இடத்திலும் இடித்திருக்கிறான், இல்லாத இடத்திலும் இடித்திருக்கிறான். ஆட்டம் ஆட்டமாக அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போகிறேன், டக், டக், டக், யானை பாய்கிறது, குதிரை விழுகிறது, பாய்கிறது, விழுகிறது. கழுத்துப் பின்னால் வியர்க்கிறது. குதிரை விழுகிற ஒவ்வொரு தடவையும் என் தோள் தானாக மேலே ஏறுகிறது. நஸ்ரின் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தத்துக்குக்கூட ஏறுகிறது.

புவனேஸ்வர் என்று ஒரு வரி. அந்த ஆட்டத்தை அவன் ஜெயித்தான், அதே மண்டபத்தில் அதே சாயங்காலம் நான் தோற்றேன். டேட்டாபேஸில் இரண்டும் இரண்டு வரி, இரண்டுக்கும் கீழே ஒன்றும் எழுதியிருக்காது. அறைக்கு வந்ததும் பலகையை விரித்து நான் தோற்ற நிலையை அடுக்கினான், காய்களைக் கட்டத்தின் நடுவில் வைப்பதில் அவனுக்கு ஒரு நிதானம் உண்டு. "இங்க என்ன ஆடியிருக்கணும்?" என்றான். ராணி டி-ஏழு என்றேன். பளார். "இங்க என்ன ஆடியிருக்கணும்?" பிஷப்பைத் திரும்ப எடுத்திருக்கணும் சார். பளார். மெதுவாக, கோபமே இல்லாமல், எனக்கு யோசிக்க நேரம் கொடுத்துவிட்டுத்தான் அடிப்பான், கடிகாரத்தைக்கூட ஓடவிட்டிருந்தான். யோசிக்க யோசிக்கப் பலகை கலங்கியது, பதில் தெரியாமல் இல்லை, எந்தப் பதிலைச் சொன்னாலும் அடி என்றால் மூளை எந்தப் பதிலைத் தேடும். நான்காவதோ ஐந்தாவதோ அடியில்தான் காதுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒன்று கேட்டது. பிறகு தலையைப் பிடித்துப் பலகையில் அழுத்தினான், கறுப்பு ராஜாவின் கிரீடத்துச் சிலுவை கன்னத்தில் பதிந்தது, மறுநாள் காலை அது சிவப்பாகச் சின்னப் பூ மாதிரி இருந்தது. ரிசப்ஷனுக்குப் போய் ஐஸ் வாங்கி வந்ததும் அவன்தான். துண்டில் சுற்றி வைத்துக்கொண்டே கேட்டான், "நான் இப்படி இல்லேன்னா உனக்கு ரேட்டிங் ஏறியிருக்குமா?" அங்கேதான் வந்து வந்து முட்டிக்கொள்கிறேன், இத்தனை வருடமாக, குளிக்கும்போது, பஸ்ஸில், பல் தேய்க்கும்போது. ஏறியதே. அவனோடு இருந்த வருடங்களில்தான் என் ரேட்டிங் ஏறியது, விட்டு வந்த பிறகு இறங்கியது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏறியது பயத்தால் என்றால் அந்த ஜெயிப்பெல்லாம் யாருடையது. என்னுடையதுதான் என்று பகலில் சொல்லிக்கொள்வேன். சொன்ன மறு நொடியே, இல்லை, அடித்து வாங்கிய ஜெயிப்பு என்று ஒரு குரல், இடது காதுக்குள்ளிருந்து.

ஐஸ் வைத்துக்கொண்டு அவன் கேட்ட அந்தக் கேள்விக்கு, அந்தக் கடிகாரத்தை எடுத்து அவன் வாயில் போட்டிருக்கலாம். மரக் கடிகாரம், நல்ல கனம், மூலை கூர்மை. முன்பல் இரண்டு, உதடு, மூக்கு. பென்சில் இருந்தது, நகர்வு எழுதுகிற பென்சில், மேசையில் பரத்தி வைத்திருந்த அவன் கையின் நடு முதுகில் குத்தி அந்தப் பக்கம் வரைக்கும் இறக்கியிருக்கலாம், எழவே முடியாதபடி. தூங்கும்போது தலையணை. கொதிக்கிற சாம்பார். எல்லாவற்றையும் ஆடிப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு கிளையாக, எதிராளியின் சிறந்த பதில் என்ன என்றும் யோசித்து, அதற்கும் பதில் வைத்து. "அக்கா, பல்லைக் கடிக்கிறீங்க" என்கிறாள் நஸ்ரின். தாடை வலிக்கிறது. சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுக்கிறாள், டம்ளர் சூட்டில் விரல் பழுக்கிறது, விடவில்லை, சூடு நல்லதாக இருக்கிறது. திரைக்குத் திரும்புகிறேன். அவன் இடிக்கத்தான் போகிறான். அப்படியானால் இடித்தாலும் இடியாத சுவர் ஒன்று வேண்டும். நடுக் கட்டத்தில் நிற்கிற குதிரையைப் பின்னால் எடுக்கிற வழி ஒன்று உண்டு, டி-நான்கிலிருந்து இ-இரண்டுக்கு. பார்க்கப் பயந்தாங்கொள்ளி நகர்வு. ஆனால் அது அங்கே போய் நின்றால் சி-மூன்றுக்குக் காவல் கூடுகிறது, யானை பாய்ந்தால் யானைக்குத்தான் சேதம், அதற்குள் ஓரத்தில் என் சிப்பாய் கதவைத் திறந்துவிடும். வெள்ளைக் குதிரை இ-இரண்டில் என்று தேடுகிறேன். அவனுக்கு எதிராக இதை யாரும் ஆடியதில்லை. ஒருத்தர்கூட. எல்லோரும் முன்னால் போய் முட்டியிருக்கிறார்கள். சந்தோஷமா என்று தெரியவில்லை, பல நாள் பசிக்குப் பிறகு இறைச்சி வாசனை வந்த மாதிரி இருக்கிறது. இந்தக் கதவு வழியாகப் போய் அவன் ராஜாவைச் சந்தி சிரிக்கக் கொல்லப் போகிறேன்.

வடிகட்டிகளை எடுத்துவிட்டுக் கடைசி ஒரு வருடத்து ஆட்டங்களை மட்டும் பார்க்கலாம் என்று பட்டியலை விரிக்கிறேன். அவன் ஆடிய போட்டிகள் எல்லாவற்றிலும் இன்னொரு பெயர் கூடவே வருகிறது. சாருமதி. அவனுடைய மாணவி, போன வருடம் கல்யாணம் செய்துகொண்டான், இருபத்திரண்டு வயது இருக்கும். காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தேன், இட்லியைப் பிட்டுக்கொண்டு, இந்தக் கோயம்புத்தூர் வெயிலில் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த சுடிதார். குளிர் தாங்காத உடம்பு போல என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க முடிவு செய்தேனா. அந்தப் பெயரை அடிக்கிறேன். நாக்பூர், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்தாவது சுற்றில் தோல்வி, ஆறு இல்லை, ஏழாவது. மும்பை, மூன்றாவது சுற்றில் தோல்வி, அதற்குப் பிறகு அந்தப் போட்டியிலேயே பெயர் இல்லை. பிறகு மழைக்காலம் முழுக்க ஒரு ஆட்டமும் இல்லை. டேட்டாபேஸ் ஆடிய ஆட்டத்தைத்தான் வைத்திருக்கும், ஆடாத ஆட்டத்தை வைத்திருக்காது. ஆனால் எனக்கு அந்த வெற்றிடம் நன்றாகத் தெரியும், நான் அதற்குள் குடியிருந்தவள். தோல்வி, மறுநாள் இல்லை. தோல்வி, மறுநாள் இல்லை. நீலம் மஞ்சளாக மாறி மறைய எத்தனை நாள் ஆகும் என்பது தெரிந்தால் அந்த இடைவெளிகளைப் படிக்கலாம். ரேட்டிங்கைப் பார்க்கிறேன். ஏறியிருக்கிறது. மடிக்கணினியை மூடிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் காப்பியை வாந்தி எடுக்கிறேன். நஸ்ரின் முதுகைத் தடவிக்கொண்டே நிற்கிறாள். அவளிடம் சொல்கிறேன். "நம்ம என்னக்கா பண்ண முடியும்" என்கிறாள் முதலில். பிறகு, "நான் இன்னைக்கு சீக்கிரம் டிரா பண்ணிட்டு வெளியதான் இருப்பேன்" என்கிறாள்.

மண்டபத்தில் மணமேடை இருந்த இடத்தில் கோப்பைகள். மேசைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறார்கள். அவன் வருகிறான், அதே சோப்பு வாசனை முதலில் வருகிறது. அவனுக்குப் பின்னால், அவன் திரும்பினால் மட்டுமே தெரிகிற வரிசையில், சாருமதி உட்கார்கிறாள், எனக்கு நேரே தெரிகிறாள். போட்டி நடுவரான ஆர்பிட்டர் அம்மா ஒலிபெருக்கியில் தொடங்கலாம் என்கிறார். அவன் கையை நீட்டுகிறான். நெஞ்சில் கை வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன், ஆனால் என் கை பழைய பழக்கத்தில் போய்விடுகிறது, அவன் கைக்குள் போய்விட்டது. ஈரம். சில்லென்று ஈரம், பிழியாத துணி மாதிரி. நான் அந்தக் கையை ஈரமாகத் தொட்டதே இல்லை. ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறேன். அவன் வெகுநேரம் பார்க்கிறான், முதல் நகர்வுக்கு யாரும் இவ்வளவு நேரம் எடுக்க மாட்டார்கள். பிறகு தன் ராஜாவின் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துகிறான். பிரெஞ்சு. டிராகன் இல்லை, சிசிலியனே இல்லை, அவன் வாழ்நாளில் ஆடாத தொடக்கம். என் காலை முழுதும், அந்த ஆட்டங்கள் முழுதும், குதிரை இ-இரண்டு, எல்லாம் ஒரு நகர்வில் குப்பை. ஆத்திரம் கண்ணை மறைக்கிறது, பலகையைத் தூக்கி முகத்தில் அடிக்கலாம். அப்புறம் மெல்லப் புரிகிறது. இவனும் தேடியிருக்கிறான். லாட்ஜில் இன்னொரு அறையில், இன்னொரு மடியில் சூடு ஏற, சுகிர்தா, வெள்ளைக் காய்கள், தேடு. நான் எதைக் கொண்டுவருவேன் என்று தேடி, பயந்து, தன் வீட்டை விட்டு ஓடி இன்னொருத்தன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறான். அந்த வீட்டின் அறைகள் அவனுக்குத் தெரியாது. எனக்கும் சரியாகத் தெரியாது. ஆடுகிறோம். அவன் தடுமாறுகிறான், குதிரையைத் தவறான பக்கம் எடுக்கிறான், ராஜாவுக்குப் பக்கத்தில் காவலே இல்லை. என் பிஷப் எச்-ஏழு சிப்பாயைக் கண் கொட்டாமல் பார்க்கிறது. இன்னும் ஒரு ஆயத்த நகர்வு, அதற்குப் பிறகு பிஷப்பைக் கொடுத்து அந்தச் சிப்பாயை உடைத்தால் குதிரை, ராணி, ஐந்தாறு நகர்வில் எல்லாம் முடிந்துவிடும். ஆயத்த நகர்வை ஆடிவிட்டு, முகம் கழுவ எழுந்து போகிறேன்.

பெண்கள் கழிப்பறைக்கு வெளியே குழாயில் முகத்தில் தண்ணீரை அறைந்துகொள்கிறேன். பின்னால் சாருமதி நிற்கிறாள். கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறாள். தோற்றுக்கொண்டிருக்கிற முகம், எனக்குத் தெரியும், தோல்வியைவிட அதற்குப் பிறகு வருவதை யோசிக்கிற முகம். "நாக்பூர்ல ஆறாவது ரவுண்டு ஆடலையே நீ" என்கிறேன். அவள் விழுங்குகிறாள். "காய்ச்சல்க்கா." "எனக்கும் காய்ச்சல்தான் வரும்" என்கிறேன். குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அவள் அழவில்லை. கை உயர்ந்து துப்பட்டாவைக் கழுத்தோடு இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். யாரோ ஒரு அம்மா குழந்தையோடு வந்து கை கழுவிவிட்டுப் போகிறார். பிறகு கேட்கிறாள், "நீங்க எப்படிக்கா வெளிய வந்தீங்க?" என்னென்னவோ சொல்லலாம், தைரியம், வக்கீல், அம்மா, காது. "பஸ்ல" என்கிறேன். "அவன் ஒரு மேட்ச் ஆடிட்டிருந்தான். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போயிட்டேன்." அவள் முதன்முறையாக என் முகத்தைப் பார்க்கிறாள். "போன் சார்கிட்ட இருக்கு. துணியெல்லாம் ரூம்ல. சாவியும் சார்கிட்டதான்." "உங்க அம்மா எங்க?" "தேனி." "வாசல்ல பச்சை முக்காடு போட்ட பொண்ணு நிக்கும், நஸ்ரின். என் பேரைச் சொல்லு. சிங்காநல்லூர் ஸ்டாண்டுல உன்னை ஏத்தி விட்டுடுவா." அவள் அசையவில்லை. மண்டபத்துக் கதவைப் பார்க்கிறாள். "சார் மேட்ச் எப்பக்கா முடியும்?" அப்போதுதான் எச்-ஏழு என் கண் முன்னால் வருகிறது, பிஷப், குதிரை, ராணி, கைகுலுக்கல், அவன் எழுந்து திரும்பி அவள் நாற்காலியைப் பார்ப்பது, வாசல், ஆட்டோ, பஸ் ஸ்டாண்டு, அவள் தலைமுடி அவன் கையில். "நீ போய்ச் சேர்ற வரைக்கும் முடியாது" என்கிறேன்.

திரும்பி வந்து உட்காரும்போது அவன் ஒரு சிப்பாயை நகர்த்திவிட்டிருக்கிறான், எச்-ஏழு இன்னும் திறந்துதான் கிடக்கிறது. அதன் மேல் கை போகத் துடிக்கிறது. வாழ்க்கையில் இந்த அளவுக்கு எதற்கும் துடித்ததில்லை, அவன் முகம் உடைகிறதை, எல்லோர் முன்னாலும் ராஜாவைச் சாய்க்கிறதைப் பார்க்க. அவனுக்குப் பின்னால் சாருமதியின் நாற்காலி காலி, அவள் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, எதிராளிப் பெண் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். பிஷப்பைத் தொடாமல் யானையை ஒரு கட்டம் நகர்த்துகிறேன். அவன் நிமிர்கிறான், நான் அதைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறான், வாயோரம் பழைய சிரிப்பு. சிரிக்கட்டும். என் முறை வந்தால் அவன் எழுந்து நடப்பான், அது அவன் வழக்கம், ஆகவே என் முறையே இருக்கக் கூடாது. அவன் கடிகாரத்தை அமுக்கியதும் நான் ஆடிவிடுகிறேன். அவன் யோசிக்கிறான், ஆடுகிறான், உடனே ஆடிவிடுகிறேன். வெட்டக் கிடைக்கிற எதையும் வெட்டவில்லை, எல்லாக் காயும் பலகையிலேயே முட்டிக்கொண்டு நிற்கட்டும், எங்கே தொட்டாலும் எங்கேயோ வெடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டே போகிறேன், அவன் நாற்காலியை விட்டு அசைய முடியாதபடி. அவன் எச்-ஆறு ஆடிக் கதவை அடைத்துக்கொள்கிறான். என் கொலை போய்விட்டது. போகட்டும். நல்ல நிலையைக் கெடுத்துக்கொள்கிறேன், ஒரு சிப்பாய் போகிறது, இன்னொன்றும் போகும் போலிருக்கிறது. அவன் தலையைக் கைகளில் தாங்கிக் குனிந்தே கிடக்கிறான், உச்சியில் முடி மெலிந்திருக்கிறது. இந்தத் தலையைப் பற்றித்தான் இத்தனை காலம் பயந்தேனா என்று ஒரு நினைப்பு, ஆமாம், இதே தலைதான், இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கட்டைவிரல் கடிகாரத்தைச் சரியாக அமுக்குகிறது. பக்கத்து மேசைகள் ஒவ்வொன்றாக முடிந்து காலியாகின்றன. ஜன்னல் வெயில் மஞ்சளாகிச் சுவரில் ஏறிவிட்டது. பார்வையாளர் கயிற்றுக்குப் பின்னால் நஸ்ரின் வந்து நிற்கிறாள், முக்காட்டில் தூசி, என்னைப் பார்த்து ஒருமுறை கண்ணை மூடித் திறக்கிறாள். போய்விட்டாள். பஸ் போய்விட்டது.

அவன் ஆடிக் கடிகாரத்தை அமுக்குகிறான். என் முறை. முதன்முதலாக நான் ஆடவில்லை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்க்கிறேன், நேரம் ஓடுகிறது, ஓடட்டும். அவன் எழுகிறான், முதுகை நெளிக்கிறான், திரும்புகிறான். அந்த முதுகு நிற்பதைப் பார்க்கிறேன். காலி நாற்காலி, எதிராளியும் போய்விட்டாள், காய்கள் பாதியில் நிற்க, அவளுடைய கடிகாரத்தில் சைபர். வாசல் வரைக்கும் வேகமாகப் போகிறான், வருகிறான், பெண்கள் கழிப்பறைப் பக்கம் போகிறான், வருகிறான். உட்காரும்போது மேசை குலுங்கி என் ராணி சாய்கிறது, எடுத்துக் கட்டத்தின் நடுவில் வைக்கிறேன். மேசைக்குக் குறுக்கே குனிந்து, உதடு அசையாமல், வீட்டுக்குள் பேசுகிற அந்தக் குரலில் கேட்கிறான். காது இரைகிறது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்கிறது. அந்தக் குரலுக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். இப்போது கையை உயர்த்துகிறேன். ஆர்பிட்டர் அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வருகிறார். "என்னம்மா?" என்கிறார், மெதுவாக. "ஆட்டம் நடக்கும்போது என்கிட்ட பேசறாரு மேடம்." "என்ன பேசினார்?" அவன் கண் என் மேல் இருக்கிறது. சொல்ல மாட்டாள் என்று தெரிந்த கண். நான் எழுந்து நின்று, ஒலிபெருக்கி இல்லாமலே கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் வரைக்கும் கேட்கிற குரலில், அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே சொல்கிறேன். "'எம் பொண்டாட்டி எங்கடி, சொல்லலேன்னா இன்னொரு காதையும் கிழிச்சிடுவேன்'னு சொன்னாரு."